எட்டடி முன்னால் போகிறவர்

கல்பாக்கம்
9.1.1997

சகுந்தலாவுக்கு,

நீ இல்லாததைத் தவிர இங்கே எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது. போன் செய்தால் உன் தம்பி சீனு எடுத்து, "அக்கா குளிக்குது மாமா" என்கிறான். ஒரே நாளில் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் குளித்துக்கொண்டிருந்தாய். செங்கல்பட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், தப்பு எங்கே என்று நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் திருக்கழுக்குன்றம் மலைக்குப் போனோம். உச்சிவேளையில் பிரசாதம் தின்னக் கழுகு வருகிற நேரம் தப்பிவிடக் கூடாதே என்று நான் சற்று வேகமாக ஏறினேன். நீ பின்னால் வந்துகொண்டிருந்தாய், எப்போதும் வருவதுபோல. கழுகு வரவில்லை. சாமி கும்பிட்டேன். கூட்டத்தில் நீ பெண்கள் பக்கம் நின்றிருப்பாய் என்று நினைத்து, இறங்குகிற படி வழியாகக் கீழே வந்தேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நீ முன்பக்கம் ஏறியிருப்பாய் என்று நான் பின்பக்கம் ஏறினேன். உனக்கு உட்காரத் தோன்றினால் வரட்டும் என்று பக்கத்து சீட்டில் துண்டுகூடப் போட்டு வைத்தேன். கல்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் நீ இறங்கவில்லை என்பது தெரிந்தது.

நான் உன்னை மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறாயாம். மறந்தவன் இரண்டு டிக்கெட் வாங்குவானா? இரண்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பொங்கல் வருகிறது. கோபத்தை முடித்துக்கொண்டு வா. காபிப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்றும் எழுது.

வாசுதேவன்

*

செங்கல்பட்டு
18.1.1997

திருவாளர் வாசுதேவன் அவர்களுக்கு,

டிக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. நான் ஏறாத பஸ்ஸில் எனக்கு டிக்கெட் வாங்கிய உங்கள் நேர்மையைத் தம்பி பெண்டாட்டி ரோகிணியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பொங்கல் பானை அடிப்பிடித்துவிட்டது.

இப்போது என் பக்கத்து வரிசையைக் கேளுங்கள். பாதிப் படி ஏறியிருப்பேன். வலது கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்தது. உயிர் போகிற வலி. "ஏங்க" என்று கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தீர்கள், உங்கள் நீலச் சட்டை எனக்குத் தெரிந்தது. அது திரும்பவே இல்லை. அப்புறம் சட்டையும் தெரியவில்லை.

படியோரம் மோர் விற்கிற எல்லம்மாள் என்கிற பெண் ஓடி வந்து என் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். "இன்னாம்மா, தனியாவா வந்துகீற?" என்றாள். "அவரு வந்திருக்காரு, மேல போயிட்டாரு" என்றேன். "திரும்பிக்கூட பாக்கலியா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஏறுகிற படிக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை. எதிரே செங்கல்பட்டு பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கோபம் பொங்கலோடு முடிகிற கோபம் என்று நினைக்காதீர்கள். நமக்குக் கல்யாணமான மறுநாள் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனீர்களே, அன்றைக்கும் எட்டடி முன்னால்தான் போனீர்கள். கல் ரதத்தையெல்லாம் நான் தனியாகப் பார்த்தேன். இனிமேல் யார் முதுகுக்கும் பின்னால் நான் ஓடுவதாக இல்லை. திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. கோவையில் ஹாஸ்டலில் இருக்கிற நம் பெண்ணுக்கு இதையெல்லாம் எழுதிப் படிப்பைக் கெடுக்க வேண்டாம்.

காபிப்பொடி, அந்த வீட்டுக்குக் குடிவந்த பதினான்கு வருஷமாக எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது.

சகுந்தலா

*

கல்பாக்கம்
2.2.1997

அன்புள்ள சகுந்தலாவுக்கு,

காபிப்பொடி கிடைத்துவிட்டது. ஆனால் இனி சர்க்கரை போடக் கூடாதாம். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டுமாம். "நான் நடக்கிற வேகத்தைப் பார்த்து ஆபீஸே பயப்படும் மேடம்" என்றேன். "பஸ்ஸுக்கு ஓடுறது நடை இல்லை சார்" என்று சொல்லிவிட்டார்.

உடனே ஆரம்பித்துவிட்டேன். வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறேன். மூன்றே நாளில் நடைப்பயிற்சி எனக்குச் சில வாழ்க்கைத் தத்துவங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டது. டிராயிங் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் போடலாமா என்றுகூட யோசிக்கிறேன். ஒன்று, முன்வைத்த காலைப் பின்வைக்காதே. இரண்டு, இலக்கை மட்டும் பார். மூன்று, உன்னை முந்த யாரையும் விடாதே.

முதல் தத்துவத்தில் மட்டும் ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டது. சனிக்கிழமை கடற்கரையோரமாகத் தெற்கே நடந்தேன். காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது, ஜோராக இருந்தது. நம் உடம்பில் இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியம். நடந்து நடந்து பாலாறு கடலில் கலக்கிற இடத்துக்கே போய்விட்டேன். திரும்பினால் அதே காற்று முகத்தில் அறைகிறது. போன தூரம் அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்பது அதுவரை தோன்றவே இல்லை. இரண்டு குதிகாலும் கொப்புளம். மீன் கூடை கட்டிய டி.வி.எஸ். வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "குந்து சார், கூடைய கெட்டியா புடிச்சுக்கோ" என்று ஏற்றிக்கொண்டார். டவுன்ஷிப் வாசலில் செக்யூரிட்டி என்னை முதலில் உள்ளே விடவில்லை.

நான் எவ்வளவு மாறிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எப்போது வருகிறாய்?

உன்,
வாசுதேவன்

*

செங்கல்பட்டு
11.2.1997

உங்களுக்கு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். மீன் கூடைகளுக்கு நடுவில் வெள்ளை ஷூவோடு நீங்கள் உட்கார்ந்து வந்ததை நினைத்து நினைத்து, சோற்றில் கைவைத்தபடி சிரித்தேன். சீனு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் சர்க்கரை விஷயத்தில் எனக்குச் சிரிப்பு இல்லை. மாத்திரையை மறக்காதீர்கள். பொரித்த அப்பளம் வேண்டாம், சுட்டுச் சாப்பிடுங்கள்.

உங்கள் மூன்று தத்துவத்தையும் படித்தேன். மூன்றிலும் ஓர் ஆள்தான் இருக்கிறார். அந்த ஆள் நீங்கள்.

இங்கே நானும் நடக்கிறேன். ரோகிணி விடிந்தும் விடியாமலும் என் போர்வையை உருவி, கொளவாய் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். முதல் நாள் பாதிக் கரைகூடத் தாண்டவில்லை, மூச்சு வாங்கியது. "அண்ணி, நம்ம என்னா ரயிலு புடிக்கவா போறோம், நின்னு வாங்க" என்றாள். நின்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் தாம்பரம் ரயில் போயிற்று. தண்ணீரில் கொக்குகள். எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உங்கள் முதுகு எனக்கு மனப்பாடம். இடது தோளில் தையல் கொஞ்சம் இழுத்திருக்கும், காலருக்குக் கீழே வியர்வை எங்கே தொடங்கும், எந்தச் சட்டையில் மை கறை இருக்கிறது, எல்லாம் தெரியும். நடக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. பார்த்ததே இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, அதனால் இங்கே முடிக்கிறேன்.

சகுந்தலா

*

கல்பாக்கம்
2.3.1997

அன்புள்ள சகுந்தலா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இருபது நாள் ஆகிவிட்டது. முதல் பத்து நாள் உன்மேல் கோபம். அடுத்த பத்து நாளில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

எதிர் பிளாக் தேவசகாயம் உனக்குத் தெரியுமே, ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பாரே. ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து கால் உடைந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் வாசல் தாண்டப் பயப்படுகிறார். அவர் மனைவி பிரிசில்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், நீங்கோ தெனம் நடக்கிறீங்கோ, இவரையும் கொஞ்சம் இட்டுகினு போங்கோ. வூட்லயே குந்திகினு ஒரே பேஜாரு" என்றாள். மறுக்க முடியவில்லை.

மறுநாள் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பியது ஞாபகம் இருக்கிறது. வாட்டர் டேங்க் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. கதவைத் தட்டினார்கள். பிரிசில்லா நிற்கிறாள். "அவரு எங்க சார்?" என்றாள்.

சகுந்தலா, என் கையில் இட்லி இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியாது. லுங்கியோடு ஓடினேன். நடந்தால் கெட்டிக்காரன், ஓடினால் நான் ஒன்றுமில்லை என்று அன்று தெரிந்தது. வாட்டர் டேங்க் தாண்டி, மதகுக் கட்டையில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற சைக்கிளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா சார், நீ பஸ்ஸு ஏறிட்டியோன்னு நெனச்சேன்" என்றார். நம் கதை டவுன்ஷிப் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அந்த நிமிஷம்தான், படியில் நீ உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக டிக்கெட்டைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தேனே தவிர, நீ எப்படி உட்கார்ந்திருந்திருப்பாய் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று தரம் கூப்பிட்டாய் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கேட்கவில்லை என்பது நிஜம். கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை என்பதும் நிஜம்.

என்னை மன்னித்துக்கொள். இதை இதற்கு முன் உன்னிடம் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை.

வாசுதேவன்

*

செங்கல்பட்டு
12.3.1997

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தேன். ரோகிணி, "மாமா இன்னா எழுதிகீறாரு?" என்று நோண்டினாள். காட்டவில்லை. இது எனக்கு வந்த கடிதம்.

மன்னிப்பதெல்லாம் ஆகிவிட்டது. ஆனால் உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கடிதத்தில் நீங்கள் எப்போதும் நல்லவர். பெண் பார்க்க வந்துவிட்டுப் போய் நீங்கள் எழுதிய கடிதத்தை நம்பித்தானே நான் கழுத்தை நீட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வந்து, மறு வாரமே நீங்கள் எட்டடி முன்னால் போய்விட்டால், இரண்டாவது முறை கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்காது.

ஒன்று கேட்கிறேன். தேவசகாயத்துக்கு எந்தக் கால் அடிபட்டது? நடக்கும்போது என்ன பேசுவார்? எங்கே வலிக்கும்? அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். எழுத முடிகிறதா பார்ப்போம்.

இங்கே நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை கரை முழுதும் போய் வருகிறேன். ரோகிணியால் இப்போது என்னோடு வர முடியவில்லை. "அண்ணி, இன்னா ஓட்டம் ஓடுற, புடவை காத்துல பறக்குது, நில்லு" என்று கத்துகிறாள். நான் நின்றுவிடுகிறேன். நான் நிற்கிறேன் என்பதைக் கவனிக்கவும்.

சகுந்தலா

*

கல்பாக்கம்
28.3.1997

அன்புள்ள சகுந்தலா,

தேவசகாயத்துக்கு இடது கால். கணுக்காலுக்கு மேலே. ஈரத் தரையில் கால் வைக்கவே பயப்படுவார், அதனால் தெருக்குழாய் இருக்கிற பக்கம் போக மாட்டோம். முதலில் ஆறு விளக்குக் கம்பம் வரை நடந்தார். இப்போது இருபத்தொன்று. கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் அதை ஒரு தட்டுத் தட்டுவார், ஆபீஸில் வருகைப் பதிவு போடுகிற மாதிரி. பதினைந்தாவது கம்பத்தில் பேச்சு நின்றுவிடும். அப்போது வலிக்கிறது என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

அவருடைய அப்பா நெம்மேலிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவராம். வீட்டில் முதல் சம்பளக்காரர் இவர்தான். இனி ஏணி ஏற முடியாமல் போனால் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிவிடுவார்களே, பிள்ளைகள் முன்னால் சிறுத்துப்போய்விடுவோமே என்று பயம். இது பிரிசில்லாவுக்குக்கூடத் தெரியாது. பதினெட்டாவது கம்பத்தில் சொன்னார். நான் கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போய், "சார், நீ நல்லா பேசற சார்" என்றார். நான் வாயைத் திறக்கவே இல்லை!

மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. முதல் வாரம் தொடை இரண்டும் நடுங்கின. ஓர் அடி வைத்துவிட்டு, அடுத்த அடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். டாக்டரம்மா, "இன்னும் வேகமா நடக்கணும் சார், சுகர் இன்னும் இறங்கலை" என்று திட்டினார். "அவரை விட்டுட்டு நான் போக மாட்டேன் மேடம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் சர்க்கரைக்குத் தனியாகச் சாயங்காலம் நடந்துகொள்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று. என்னைப் பற்றி எழுதக் கூடாது என்றாய், இந்த ஒரு வரிக்கு விலக்குக் கொடு. சாயங்காலம் தனியாக நடக்கும்போது போரடிக்கிறது.

தத்துவம் எதுவும் எழுதவில்லை. நோட்டீஸ் போர்டு யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

வாசுதேவன்

*

செங்கல்பட்டு
7.4.1997

என் அன்புள்ளவருக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் கல்பாக்கம் வந்திருந்தேன்.

பதறாதீர்கள். முதல் பஸ்ஸில் வந்தேன். கடிதத்தை நம்பாமல் கண்ணால் பார்க்கத்தான் வந்தேன், அதை மறைக்கவில்லை. வாட்டர் டேங்க் அருகே நீங்கள் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தீர்கள். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்துப் பக்கம் நின்றேன். கடந்து போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

உங்கள் முதுகைத்தான் பார்த்தேன், பழைய மாதிரியே. ஆனால் பக்கத்தில் இன்னொரு முதுகு. அவர் காலை இழுத்து வைத்தால் நீங்களும் அரை அடி வைத்தீர்கள். அவர் கம்பத்தைத் தட்ட நின்றபோது நீங்களும் நின்றீர்கள். ஆபீஸ் பஸ் ஒன்று வந்தது. நீங்கள் பேச்சை நிறுத்தாமலே அவரை ஓரமாக விட்டு, ரோட்டுப் பக்கம் நீங்கள் மாறிக்கொண்டீர்கள். யாரும் சொல்லவில்லை. நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. அப்போது அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள், உங்கள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. நடக்கும்போது உங்கள் முகம் அப்படித்தான் இருக்குமா? நன்றாக இருக்கிறது.

எனக்குப் பொறாமையாக இருந்தது! இருபத்திரண்டு வருஷம் நான் காத்திருந்தது தேவசகாயத்துக்குக் கிடைக்கிறதே என்று வயிறு எரிந்தது. அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தன. கீரை விற்றுக்கொண்டு போன அம்மாள் நின்று, "இன்னாம்மா, ஒடம்பு செரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு விஷயம் தெரியுமா? ஏரிக்கரை நடை நடந்து எனக்கு இப்போது கால் நிற்பதில்லை. உங்கள் இரண்டு பேரையும் முந்திவிடாமல் பின்னால் வருவதற்குள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். "ஏங்க" என்று தொண்டை வரை வந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால் உங்களுக்கு இந்த முறை கேட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். கேட்டதும் என்னைப் பார்த்த சந்தோஷத்தில், அவரை நடு ரோட்டில் விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்திருப்பீர்கள். அவர் மறுபடி மதகுக் கட்டையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அது வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வருஷப் பிறப்புக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். இந்த முறை பெட்டியோடு. மாங்காய் வாங்கி வையுங்கள், பச்சடிக்கு வெல்லம் குறைவாகப் போடுகிறேன்.

உங்கள்,
சகுந்தலா

*

கல்பாக்கம்
9.4.1997

என் சகுந்தலா,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டேன், பெரிய தப்பு. வரைந்துகொண்டிருந்த படத்தின்மேல் கண்ணீர் சொட்டி ஒரு பைப் லைன் அழிந்துவிட்டது. பக்கத்து மேஜை சுப்புராமன் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார். "இல்லை, என் பெண்டாட்டி வருகிறாள்" என்றேன். ஆபீஸே கைதட்டியது.

நீ சொன்னது சரி. கூப்பிட்டிருந்தால் நிச்சயம் அவரை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். நான் இன்னும் முழுசாகத் தேறவில்லை. நீ என்னைவிட என்னைத் தெரிந்தவள்.

தேவசகாயத்திடம் விஷயத்தைச் சொன்னேன். இருபத்தாறாவது கம்பத்தைத் தட்டிவிட்டு, "அம்மா வந்துட்டா நான் உங்க பின்னாடி வந்துகினு இருக்கேன் சார், நீங்க ஜோடியா போங்கோ" என்றார். "பின்னாடி யாரும் வர வேண்டாம், ரோடு அகலமாத்தான் இருக்கு, மூணு பேருக்கும் இடம் இருக்கு" என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம். கேக் செய்யப் போகிறாளாம் பிரிசில்லா. எனக்குத் துண்டு சிறிதாகத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்தே வருகிறோம். தேவசகாயம் இதுவரை அவ்வளவு தூரம் வந்ததில்லை, ஆனால் வந்தே தீருவேன் என்கிறார். நாங்கள் வந்து சேர நேரமானால் கோபித்துக்கொள்ளாதே. திரும்பும்போது பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். நீ இப்போது ரொம்ப வேகமாம். எங்களுக்காகக் கொஞ்சம் மெதுவாக நட.

உன்,
வாசுதேவன்